பிரேக் பிடிக்காத வண்டிகள்

குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளைவாதம் பீபி ஜானின் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு ஐம்பத்தெட்டு வயதுவரை, எங்கே போவதென்றாலும் யாராவது தூக்கிப்போக வேண்டும். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் அவர் துண்டும் தொப்பியும் விற்கிற கடையில் தம்பி நசீருதீன் பைக்கில் கொண்டுவந்து இறக்குவார். அவருக்கு வேலை முடிந்தால்தான் அக்காவுக்கு வீடு.

போன வருஷம் ஓர் அறக்கட்டளை நடக்க முடியாதவர்களுக்கு மூன்று சக்கர பேட்டரி வண்டி கொடுத்தது. முதல் நாளே பீபி ஜான் தனியாக மீன் மார்க்கெட்டுக்குப் போனார். கடை கடையாக விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"ஏன் ஆபா, வாங்கலயா?" என்று அக்காவைக் கேட்டார் தம்பி.

"புடிக்கல. வந்துட்டேன்."

பிடிக்காத இடத்தை விட்டுத் தானாகக் கிளம்பி வருவது அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பக்கத்தில் கற்பூரம் விற்ற முருகையன் விபத்தில் ஒரு காலை இழந்தவர். அவருக்கும் அதே வண்டி கிடைத்தது. சாயங்காலம் இருவரும் ஒன்றாகவே ஊருக்குத் திரும்புவார்கள். சில மாதங்களில் கோளாறு தெரிந்தது. சார்ஜ் கம்மியானால் பிரேக் பிடிக்கவில்லை. இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால், "மெதுவா ஓட்டுங்க" என்றார்கள். நம்பர் பிளேட்டே இல்லாத வண்டி. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் முருகையன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

"பீபிம்மா, புடிக்கலம்மா!" என்று கத்தியபடியே போய் ஓரத்தில் நின்ற லாரியில் மோதினார்.

பீபி ஜான் தன் வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். இறங்கி ஓட முடியாது. யாராவது வாங்க, யாராவது வாங்க என்று அங்கேயே உட்கார்ந்து கூவினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முருகையன் போய்விட்டார்.

"நீயாவது போய்ச் சொல்லும்மா. இன்னொருத்தருக்கு இப்டி ஆவக்கூடாது" என்றாள் அவர் மனைவி சரோஜா.

பீபி ஜான் வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். ஆர்த்தி என்ற இளம் அதிகாரி வாசலுக்கே இறங்கிவந்து வண்டியைப் பார்த்தார்.

"மேடம், வண்டிய எடுத்துடாதீங்க. கையால இழுக்குற பிரேக் ஒண்ணு வெச்சுக் குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் ஓட்டிப் பாருங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

"நியாயம்தாம்மா. இந்த வண்டிங்கள யாரு சோதிக்கணும்னு இங்க யாருக்கும் தெளிவா தெரியல. நான் மேல எழுதறேன்."

அவர் எழுதினார். தீபத் திருவிழாவுக்கு முன்னால் உத்தரவு வந்தது. பாதுகாப்பு கருதி, விதிமுறை வகுக்கும்வரை, இவ்வகை வண்டிகள் சாலையில் ஓடக்கூடாது. சோதனைக்கென்று அவற்றை ஏற்றிப்போக லாரி வந்தது. பீபி ஜான் வண்டியைவிட்டு இறங்க மறுத்தார். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவரைப் பதமாகத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள்.

"கோச்சுக்காதீங்கம்மா. ஒங்க நல்லதுக்குதான்."

கீசெயின் விற்கிற விமல்ராஜின் வண்டியும் அந்த லாரியில்தான் போனது. அவன் தரையில் கையூன்றி அவரிடம் வந்தான்.

"ஒங்கள யாரு போய் சொல்லச் சொன்னது? பிரேக்கு இல்லன்னா நான் சாவறேன். ஒங்களுக்கென்ன? இப்ப மட்டும் உசுரோடவா இருக்கேன்?"

பீபி ஜான் முருகையனின் சாவைச் சொல்லலாம். அது விமல்ராஜுக்கும் தெரியும்.

பொங்கல் கழிந்து ஆட்டோ பிடித்து மறுபடி அலுவலகத்துக்குப் போனார். ஆர்த்தி மாற்றலாகியிருந்தார். "மேலேர்ந்து இன்னும் வரலம்மா" என்றார் புதிதாக வந்தவர். கட்டடத்துக்குப் பின்னால் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. சீட்டுகளைக் கரையான் அரித்திருந்தது. தன் வண்டி எது என்று பீபி ஜானாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதோடு அங்கே போவதை விட்டுவிட்டார்.

இப்போது காலையில் தம்பி இறக்கிவிடுகிறார், இருட்டியபின் ஏற்றிக்கொள்கிறார். கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லாததால் பகல் முழுக்க பீபி ஜான் தண்ணீர் குடிப்பதில்லை. விமல்ராஜ் உள்ளங்கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையோடு நகர்ந்து வியாபாரம் செய்கிறான். அவர் கடை நெருங்கியதும், அதைத் தாண்டிப் போக மனமில்லாமல், பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே ஊர்ந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறான்.

"பாத்துப் போப்பா!" என்று இங்கிருந்து கத்துகிறார்.

அவன் திரும்புவதில்லை.