பத்மநாபன் ஊட்டிய உப்பு

பஜனைக்கு வந்திருக்கும் சகோதரிகளே, எனக்குப் பேசத் தெரியாது என்று ஆரம்பித்தால் என் அகத்துக்காரர் சிரிப்பார். வாய் எனக்கு நீளம்தான். அந்த வாயே குழறிப்போன ஒரு காலத்தைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். நம் பத்மநாபசுவாமி கோயில் கோட்டைக்குள் விஷஜுரம் பரவி, என் மகள் தங்கம் பிழைத்ததே பெரும்பாடு. அவள் எழுந்து ஓடியாடத் தொடங்கினாள், நான் விழுந்தேன். கண்ணை மூடினால் குழந்தையின் மூச்சு நின்றுவிடும் என்று ஒரு பயம். அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரலை எடுத்ததும் மறுபடி பயம். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். மாதக்கணக்கில் தூக்கமே இல்லை. பள்ளிகொண்ட பெருமாளின் மதிலோரம் குடியிருந்துகொண்டு, "நீர் மட்டும் ஹாயாகத் தூங்குகிறீரே, இது நியாயமா?" என்று அவரோடு சண்டை போடுவேன்.

வைத்தியர் எண்ணெய் கொடுத்தார், உச்சந்தலையில் மருந்து விழுதை அப்பித் தளம் வைத்தார். தலை குளிர்ந்தது, தூக்கம் வரவில்லை. பிறகு இங்கிலீஷ் டாக்டர் புரோமைடு மிக்ஸர் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தார். குடித்ததும் படபடப்பு கொஞ்சம் அடங்கியது. கண்ணயர்ந்தேன். ஆனால் மருந்து மட்டும் போதுமா? ஞாயிற்றுக்கிழமை உப்பில்லாமல் சாப்பிடுவது நம் வீடுகளில் உள்ளதுதானே. நான் அதற்கும் ஒருபடி மேலே போனேன். "பத்மநாபா, இந்தப் பயம் தீரும்வரை உப்பைத் தொடமாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன். டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. விரதம் சுவாமி சமாசாரம், அது டாக்டருக்கு எதற்கு?

மருந்தை என் அகத்துக்காரர் தவறாமல் கொடுத்தார். விரதத்தை நான் தவறாமல் காத்தேன். நாள் போகப் போகக் கால் தள்ளாடியது. நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. முகமெல்லாம் பரு. சுவரில் எறும்புகள் சாரிசாரியாக ஊர்கின்றன என்று கத்துவேன். அங்கே ஒரு எறும்பும் இருக்காது. ஒருநாள் தங்கத்தைப் பார்த்து, "யாருடி நீ? யார் வீட்டுப் பெண்?" என்று அதட்டிவிட்டேன். குழந்தை மிரண்டு, எதிர்வீட்டில் இருக்கும் என் நாத்தனார் காமுவிடம் ஓடிப்போனாள். திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் அகத்துக்காரர் காமுவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"டாக்டர் வரட்டும். அவர் சரின்னா நாளைக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலே சேர்த்துடறேன். எனக்கு வேற வழி தெரியலைடி."

ஐயோ! அங்கே போனால் என் தங்கத்தை இனி எப்போது பார்ப்பேன்? கோபுரம் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். "தூக்கம் வேண்டாம் அப்பா. பயம்கூட இருந்துவிட்டுப் போகட்டும். பெற்ற பெண்ணை அடையாளம் தெரிகிற புத்தியை மட்டும் விட்டுவை."

டாக்டர் வந்தார். மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர். நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரத்தில் காமு கோயிலிலிருந்து பிரசாதத்தோடு உள்ளே வந்தாள். பெருமாளுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் நிவேதிக்கிற உப்புமாங்காய். ஒரு துண்டை என் வாயருகே நீட்டினாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏன் மன்னி?"

"உப்பு... விரதம்..." என்று குழறினேன்.

டாக்டர் திரும்பினார். "என்ன விரதம்? உப்பு தொட்டு எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசத்துக்கு மேலே இருக்கும், டாக்டர்" என்றார் என் அகத்துக்காரர்.

"என்டெ பகவானே!" டாக்டர் எழுந்தே விட்டார். "உப்பு உள்ளே போனாத்தானே இந்த மருந்து வெளியே போகும்! தேகத்திலே தங்கித் தங்கி விஷமாயிட்டுண்டு. இது பைத்தியமில்லே, கேட்டோ. மிக்ஸரை நிறுத்துங்கோ. உப்பு கொடுங்கோ, இப்பவே!"

நான் வாயைத் திறக்கவில்லை. நேர்ந்த வாக்கு அல்லவா!

காமுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெருமாளே உப்புப் போட்டுண்டு சாப்பிடறார், மன்னி. உங்களுக்கென்ன, அவரைவிட ஒசந்த விரதமா? பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதுதான் தோஷம்."

வாயைத் திறந்தேன். உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டதும் ஓவென்று அழுதேன்.

அன்றிலிருந்து உப்புக்கஞ்சிதான். சுவரில் ஊர்ந்த எறும்புகள் ஒழிந்தன, நாக்கு நேரானது. சில வாரம் கழித்து வாசலில் ஒரு குழந்தை தயங்கி நின்றது. "தங்கம்!" என்றேன். ஓடிவந்து மடியில் விழுந்தாள். அன்று பகலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லையாம்.

பயம் அடியோடு போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். பிறகு அதே டாக்டர் என் சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வேறு மாத்திரை கொஞ்ச காலம் கொடுத்தார். இப்போதும் என்றைக்காவது தங்கத்தின் மூக்கருகே விரல் போகும். "போதும்மா" என்பாள். சிரித்துவிட்டு விரலை எடுத்துவிடுவேன்.

தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் இங்கே இருந்தால் சொல்கிறேன். பெருமாளிடம் அழுங்கள், அவர் கேட்கிறார். டாக்டரிடமும் போங்கள், விரதத்தை ஒளிக்காதீர்கள். பெருமாளின் பதில் யார் வாயிலிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டவர் அதோ, மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிகொண்டிருக்கிறார்.