அத்தைக்குச் சொல்லாத கம்பி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எழுதுகிறேன். கம்பி வளைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தால் இப்படித்தான், கீரைக் காம்பைக்கூட வளைத்து இரண்டு முனையும் சமமா என்று பார்க்கத் தோன்றும். செய்கிற வேலையை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத்தான் இது.

முதல் நாள்

சுருளாக வரும் எஃகுக் கம்பியை மெஷின் நறுக்கி, பாதி வளையல் மாதிரி வளைத்துத் தள்ளும். முனை குத்தாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் தோய்ப்பார்கள். பலகையில் வரைந்த கோட்டின்மேல் அதை வைத்துப் பார்த்து, விலகி நின்றால் ரிஜெக்ட் என்று தூக்கிப்போடுவது என் வேலை. "இது எதுக்குங்கண்ணா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டேன். அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடவே இல்லை. "அது வந்துங்க... லேடீஸ் உள்ள போடறதுக்குள்ள போடறதுங்க."

பந்தியில்

என் மகளை அத்தைதான், என் மாமியார், பார்த்துக்கொள்கிறார். இன்ன கம்பி என்று தெரிந்தால், பிள்ளையைக் கையில் கொடுத்து "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இரு ஊட்டோட" என்றுவிடுவாரோ என்று பயம். அதனால் யார் கேட்டாலும் "கம்பிக் கம்பெனி" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பல்லடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வீட்டுக்காரரின் பெரியப்பா இலையைத் தாண்டி எட்டிக் கேட்டார்: "மேல் மாடி எடுக்கறோம் கண்ணு. உங்க கம்பி வெயிட்டுத் தாங்குமா?"

ஹேர்பேண்டு

கொடியில் துணி மாட்ட ஆகுமே என்று ரிஜெக்ட் கம்பி நாலைந்தைக் கேட்டு வாங்கிவந்தேன். அத்தை அதில் சிவப்பு உல்லன் நூலைச் சுற்றி மகள் தலையில் மாட்டிவிட்டார். அச்சாகப் பொருந்தியது. அப்புறம் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேண்டுமாம். பால்வாடியில் எந்தத் தலையைப் பார்த்தாலும் எங்கள் கம்பெனிச் சரக்கு! எனக்குக் குனிந்த தலை நிமிரவில்லை. அத்தைக்கோ பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க மருமக கம்பெனி மாலுங்க. எத்தனை இழுத்தாலும் பழைய ஷேப்புக்கு வந்துரும்!"

குட்டு உடைந்தது

எதிர் வீட்டுக்கு வீரபாண்டியிலிருந்து புதிதாகக் குடிவந்த அக்கா உள்ளாடைக் கம்பெனியில் டெய்லர். நேற்று சனிக்கிழமை, ஒரு பிள்ளை தலையில் நூல் அவிழ்ந்து கம்பி தெரிந்ததைப் பார்த்தவர், தெருவே கேட்க, "ஏனுங்க பெரியம்மா, இது பிராவுக்குள்ள வெச்சுத் தைக்கிற கம்பியாச்சுங்களே!" என்றுவிட்டார்.

அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் மடியில் இறக்கினார். போச்சு, வேலை போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து காதுக்குள் சொன்னார்: "இத்தன நாளா தலையில மாட்டி வீணாக்கிட்டனே கண்ணு! திங்கக்கெழம வேலைக்குப் போறப்ப மறக்காம கேட்டு வா, எனக்கும் என்ற சைஸுக்கு ஒண்ணு கெடைக்குமான்னு."

ஆக மொத்தத்தில் எங்கள் வீட்டில் கூச்சப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்று தெரிந்துபோயிற்று, ஆனால் சைஸ் சொல்ல வேண்டுமே, அதை அத்தையிடம் நான் எந்த வாயால் கேட்... இதோ, "கண்ணு, அந்த இஞ்ச் டேப்பு எங்க வெச்ச?" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறார், நான் போய்