அருள் என்று நினைத்த நடுக்கம்

போன வருடம் பங்குனி மாதம் பிறந்த மூன்றாம் நாள், என் மனைவி பாக்கியம் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு படங்கள். கதிரையில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டாள்.

"சௌதிக்குப் போறேன். வீட்டு வேலைக்கு. ரெண்டு வருசம் அங்கன கெடந்தாலும் ஒங்க மூஞ்சிய பாக்காம இருக்கலாம்ல."

எனக்குப் பேச வராது. மஹய்யாவையில்தான் பிறந்து வளர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கண்டி நகரத்தில் தெருக் கூட்டுகிறேன். நாற்பத்தெட்டு வயதில் இருபத்தாறு வருடத்தைக் குடியில் விட்டேன். அப்போதெல்லாம் விடிவதற்கு முன் துடைப்பத்தைப் பிடிக்கும்போது கை நடுங்கும். ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். குடியை விட்ட இந்தச் சாட்சியைக் கோயிலில் எழுந்து நின்று சொல்லும்படி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் செருப்பைத் தேடுவது போல வெளியே போய்விட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். அம்மனை நம்பி வருகிற சொந்தங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. மஞ்சள் கிழங்கு முடிந்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் பத்து நாளைக்கு இறைச்சி, மீன், சாராயம் எதுவும் தொடக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பத்து நாளும் சுத்தமாக இருப்பார்கள். காப்புக் கழற்றிய அன்று மத்தியானமே சேர்த்துவைத்துக் குடிப்பார்கள். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். என்னால் அந்தப் பத்து நாளும் முடியாது என்பதால் நான் ஒரு வருடமும் கட்டியதில்லை.

படங்களைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "இந்த வருசம் காப்பு கட்டுறேன்."

பாக்கியம் சிரித்தாள். "பத்து நாளா? பத்து மணித்தியாலம் இருங்க, பாப்போம்."

வெள்ளிக்கிழமை காலை கடைசியாகக் கால் போத்தல் குடித்தேன். பிறகு குளித்துவிட்டுப் போய்க் காப்புக் கட்டினேன். பூசாரி என் கையைப் பிடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டினார். அவருக்கு வாடை அடித்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பயம் தொடங்கியது.

அது எதைப் பற்றிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கடையின் இரும்புக் கதவைத் தூக்கிய சத்தத்துக்கு நெஞ்சு நின்றுவிடும் போல இருந்தது. வியர்த்தது. யாரோ என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. சுவரில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். எறும்பு இல்லை.

அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. குடித்த உடம்போடு காப்புக் கட்டினேன், அம்மன் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. காப்பைக் கண்ணில் ஒற்றி ஒற்றி, "அம்மா, தெரியாம செஞ்சிட்டேன், உட்டுரு" என்று கெஞ்சினேன். தெரிந்துதான் செய்தேன். அவளுக்கும் அது தெரியும். அந்த நினைப்பு வந்ததும் பயம் இன்னும் கூடியது. ஒரு மடக்குக் குடித்தால் எல்லாம் நின்றுவிடும் என்று உடம்புக்குத் தெரியும். குடித்தால் அம்மன் கொன்றுவிடுவாள் என்று மனதுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் செத்துப்போனால் நல்லது என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பூசைக்குப் போனேன். கடைசியில், சுவர் ஓரமாக நின்றேன். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சுக்குள் விழுந்தது. கை நடுங்கியது, பிறகு தோள், பிறகு தாடை. பல்லோடு பல் இடித்தது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

"ஏய், சுப்பையாவுக்கு அருள் வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் விலகியது. என்னைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுபோனார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தப்புக்காரர்கள் என் பக்கம் திரும்பி நின்று இன்னும் பலமாக அடித்தார்கள். "போன வருசம் சாராயம் வந்து ஆடுனான், இந்த வருசம் தாயே வந்துட்டா பாரு" என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அவனை அதட்டினார்கள்.

நான் அருள் வந்தவன் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. முனகல்தான் வந்தது. "வாக்கு சொல்லப் போறா" என்று கும்பிட்டார்கள்.

அப்போது தெய்வானை என் காலில் விழுந்தாள். அவள் புருசன் செல்வம் என்னோடு தெருக் கூட்டுகிறவன், என்னோடு குடிக்கிறவன். அவள் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தாயே, எம் புருசன் குடிய விடுவாரா? ஒரு வார்த்தை சொல்லு தாயே."

சொந்தங்களே, என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான இடத்தில் நான் நின்றதில்லை. அவள் கேட்டது ஒரு குடிகாரனிடம். முந்தின நாள் காலை முழுதும் சாராயத் தவறணைக் கதவையே நினைத்துக்கொண்டிருந்தவனிடம். என் நடுக்கத்தை அம்மனின் நடுக்கம் என்று நம்பி அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அங்கே நின்றுதான் முதல் தடவையாக உண்மையாகக் கும்பிட்டேன். "அம்மா, ஒம் பேர்ல பொய் சொல்ல வச்சிராத. என்னய இந்த எடத்துலருந்து எடுத்துரு. எப்படியாச்சும் எடுத்துரு."

பாக்கியத்தின் சத்தம் கேட்டது.

"அடிக்கிறத நிப்பாட்டுங்க! அது அம்மன் இல்ல!"

"ஏ பாக்கியம், வாய மூடு. சாமி குத்தம் ஆயிரும்!"

"ஆனா ஆகட்டும். எங்க அண்ணனும் குடிய திடீர்னு விட்டு இப்படித்தான் நடுங்குச்சு. வலிப்பு வந்து ஒரே நாள்ல போயிருச்சு. இது குடிய விட்ட நடுக்கம். எம் புருசன எனக்குத் தெரியாதா? வெலகுங்க!"

தப்பு அடிப்பது நின்றது. பூசாரி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஆட்டோவுக்கு ஆள் அனுப்பு" என்றார்.

நான் வரமாட்டேன் என்று அழுதேன். காப்புக் கட்டியவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கலாமா, அங்கே சாவு விழும், தீட்டு. பாக்கியம் என் காதோடு சொன்னாள்: "நீங்க செத்தா எனக்கு எந்தத் தீட்டுன்னு ஒங்க அம்மன்கிட்ட கேட்டுட்டு வரவா?"

நாலு நாள் வார்டில் கிடந்தேன். வயதில் இளைய ஒரு சிங்களப் பெண் டொக்டர் பார்த்தார். இத்தனை வருடம் குடித்த உடம்பு இப்படித் தனியாக, திடீரென்று நிறுத்தக் கூடாதாம், உயிருக்கே ஆபத்தாம். மருந்தோடு நிறுத்த வேண்டுமாம். முதல் நாள் மாத்திரையைக் கொண்டுவந்தபோது நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். விரதத்தில் மருந்து எடுத்தால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். பாக்கியம் தன் பையிலிருந்த அம்மன் படத்தைக் கட்டிலில் வைத்து, மாத்திரையை அதன் முன்னால் வைத்து, குங்குமத்தைத் தொட்டு அதில் ஒரு புள்ளி இட்டாள். "இப்ப இது பிரசாதம். முழுங்குங்க." டொக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பயம் வரும். பயம் போகும். நீங்க போக வேணாம்."

உடம்பின் நடுக்கம் நின்றது. பயம் நிற்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். மாத்திரை, பூசை எல்லாம் ஆன பிறகும், காலையில் கண் விழித்தவுடன் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். தொலைபேசி அடித்தால் சாவுச் செய்தி என்று தோன்றும். இருபத்தாறு வருடம் குடித்து மூடிவைத்திருந்த பயம் முழுவதும் ஒன்றாக வெளியே வந்தது போல இருந்தது. வேலைக்குப் போனால் கேலி. செல்வம்தான் தொடங்கினான். "வணக்கம் தாயே! இன்னைக்கு மழை வருமா தாயே?" பிறகு எல்லோரும் என்னைத் தாயே என்றுதான் கூப்பிட்டார்கள். நான் குனிந்து கூட்டினேன். காப்பு கையில் இருக்கிறது என்ற ஒன்றுதான் எனக்குத் துணை. நெஞ்சு அடிக்கும்போது அதைப் பிடித்துக்கொள்வேன்.

அதனால் காப்புக் கழற்றும் நாளை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

பத்து நாளும் கழிந்து, திங்கட்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்தது. வரிசையில் நின்றோம். பூசாரி என் நூலை அறுத்தார். மஞ்சள் பட்ட இடம் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. "சாமி, எனக்கு மட்டும் திரும்பக் கட்டிவிடுங்க" என்றேன்.

"திருவிழா முடிஞ்சிருச்சேப்பா. இனி அடுத்த வருசந்தான்." அவர் குரலில் கோபம் இல்லை.

வாசலில் செல்வம் நின்றான். கையில் பை. பைக்குள் போத்தல்.

"கழட்டியாச்சுல்ல? வா தாயே. மத்தவங்க அந்தப் பக்கம் இருக்காங்க."

என் வெறும் கையைப் பார்த்தேன். பாக்கியம் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. "அம்மா, நூலும் இல்ல. இப்ப நீதான் பிடிச்சுக்கணும்" என்று கேட்டேன். எதுவும் நடக்கவில்லை. பயம் போகவில்லை. ஆசையும் போகவில்லை. என் கால் அவன் பின்னால் ஓரடி வைத்தது.

அப்போது தெய்வானை அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்தாள். புருசனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு என் காலைப் பிடித்துக் கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது செல்வத்தோடு போனால் அதுதான் நான் சொல்லும் வாக்கு.

வாய் திறந்தது. "மச்சான், எனக்குப் பயமா இருக்குடா."

என் ஆயுளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. செல்வம் சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு நின்றது. பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"எனக்கு மட்டும் இல்லையா? அதுக்குத்தானடா குடிக்கிறோம்."

இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று அவன் குடித்தான். நான் குடிக்கவில்லை. கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நூல் இருந்த இடத்தில்தான் பிடித்தாள், தெரிந்து பிடித்தாளா என்று தெரியாது. வீடு வரைக்கும் விடவில்லை.

ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நான் குடிக்கவில்லை. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. மூன்று தடவை தவறணை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை கதவுப்பிடியில் கை வைத்துவிட்டேன். பயம் இன்னும் வருகிறது, போகிறது. நான் போகவில்லை. பாக்கியத்தின் ஆறு படங்களும் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. அவள் கிழிக்கவில்லை. கிழிக்கும்படி நான் கேட்கவும் இல்லை. ஆனால் போன மாதம் அந்தக் கதிரையில் உட்கார்ந்து நான் தேத்தண்ணீர் குடிக்கும்போது, கோப்பை ஆடாததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

கோயிலில் என்னைத் தலைகுனிய வைத்த பாக்கியத்தின் அந்தச் சத்தம்தான் நான் கேட்ட வேண்டுதலுக்குக் கிடைத்த பதில். அம்மன் தண்டிக்கவில்லை. என் வீட்டுக்காரியின் வாயால் என்னை எடுத்துவிட்டாள். அம்மன் காலில் என் நன்றியை வைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இந்த வருடக் காப்புக் கட்டு. அதோடு குடியை விடலாம் என்று நினைத்திருக்கும் அண்ணன் தம்பிமாரே, நான் செய்ததைச் செய்யாதீர்கள். முதலில் டொக்டரிடம் போங்கள். அதில் அம்மனுக்குக் கோபம் இல்லை. நடுங்கினால் மறைக்காதீர்கள். பயமாக இருந்தால் பயம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவளிடம் கேளுங்கள். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருக்க மட்டும் கேளுங்கள்.

தங்கச்சி தெய்வானை, அன்றைக்கு நீ கேட்டாய். செல்வம் விடுவானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அருள் வரவில்லை. ஆனால் புதன்கிழமை காலை குடியை விடுகிறவர்களுக்கான கிளினிக். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், வரிசையில் அவனுக்கும் இடம் பிடித்து வைப்பேன். தாயே என்று கேலி பண்ணிக்கொண்டாவது அவனை வரச் சொல்லு.