ஜார்ஜ்டவுன் எங்கள் ஊர்

ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு வாத்தியாரோடு மல்லுக்கு நின்று ஜெயித்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காலரைத் தூக்கிவிடத் தோன்றும்.

ஷார்ஜாவில், முவைலாப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். வினாடி வினா இறுதிச் சுற்றில் நாங்களும் ஆறாம் வகுப்புப் பையன்களும் சமமாக நின்றோம். கடைசிக் கேள்வி, ஜார்ஜ்டவுன் எந்த நாட்டில் இருக்கிறது?

அடி சக்கை! மணியை அமுக்கி "இந்தியா" என்று கத்தினேன்.

தப்பு என்றார் வாத்தியார். கயானாவாம், தென் அமெரிக்காவாம். கோப்பை எதிர்மேசைக்குக் கிளம்பிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! நான் ஷார்ஜாவில் பிறந்தவள். லீவுக்குப் போனால் உம்மாவின் ஊரோடு சரி. ஆனால் வருஷா வருஷம் பள்ளிப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில், வாப்பா சொல்லச் சொல்ல, 'ஜார்ஜ்டவுன், சென்னை' என்று எழுதுவது என் கைதான். சொந்த ஊரையே இல்லை என்றால் விடுவேனா? உட்காரமாட்டேன் என்று மேடையிலேயே நின்றேன்.

அப்போது பெற்றோர் வரிசையில் உம்மாவோடு உட்கார்ந்திருந்த வாப்பா எழுந்தார். வாத்தியார்களைக் கண்டாலே பின்வரிசை தேடுகிற மனிதர் அவர். பாஸ்போர்ட், விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலிடம் இருந்தது. அதன் முகவரிப் பக்கத்தின் ஜெராக்ஸ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நாலாய் மடித்த அந்தத் தாளை விரித்தபடி மேடைக்கே வந்துவிட்டார்.

"சார், கவர்மெண்டே போட்டிருக்கு சார். நீங்களே படிச்சுப் பாருங்க."

வாத்தியார் படித்தார். பிரின்சிபால் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். வெள்ளைக்காரன் போன இடத்திலெல்லாம் தன் ராஜாக்கள் பெயரை வைத்திருக்கிறான், பினாங்கில்கூட ஒன்று உண்டு, சிறுமி சொன்னதும் சரிதான் என்று தீர்ப்புச் சொன்னார். கோப்பை எங்களுக்கு! உம்மா கல்யாண வீடு என்று நினைத்தாரோ என்னவோ, குலவையே போட்டுவிட்டார்.

வழியில் கேட்டேன், "வாப்பா, அங்க நம்ம வீடு பெருசா?"

"மூணு மாடி, புள்ள."

அது வீடே இல்லை. விசாவுக்காக வாப்பா எட்டு மாதம் பாய் விரித்துக் கிடந்து, பாஸ்போர்ட்டுக்கும் முகவரியாகக் கொடுத்த லாட்ஜ் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தத் தெருவுக்கு எதிரே இருக்கிற துறைமுகத்தில்தான் ஒரு காலத்தில் நம் ஆட்கள் கூலி ஒப்பந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, கயானாவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறினார்கள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மூன்று மாடி வீடு என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வாப்பா ஒருதடவைகூட என்னைத் திருத்தவில்லை.