ரப்பர் புழு வெந்த மதியம்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகுதான் யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை என்பது உறுதியானது. கல்வராயன் மலை மேலே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றும் வேலையில் இருந்தேன். முந்தின நாள் எங்கள் மேஸ்திரி, கூட வேலை செய்த ஒருவனைக் காலால் உதைத்தார். உதைபட்டவன் மறுநாளும் வேலைக்குப் போனான். நான் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து நான் வேலைகளை விடுவது இப்படித்தான்.

பையின் வார் தோளை அறுத்தது. உள்ளே துணி கொஞ்சம்தான். கனமெல்லாம் லுங்கியில் சுற்றி வைத்திருந்த இரண்டு அச்சுகள். சென்னையில் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்தபோது மிஞ்சிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தவை. தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழுக்களைக் கடையில் வாங்கி, டிபன் பாக்ஸின் அடியில் வரிசையாக ஒட்டி, மேலே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினேன். இறுகிய பிறகு புழுக்களின் வடிவம் பள்ளமாக நின்றது. அதில், பாட்டிலில் விற்கிற பிளாஸ்டிக் திரவத்தைக் காய்ச்சி ஊற்றினால் புதுப் புழு வரவேண்டும். ஈரம் போகாத அச்சில் ஊற்றி, கொதிக்கிற பிளாஸ்டிக் தெறித்து மணிக்கட்டில் இரண்டு தழும்பு வாங்கினேன். காய்ந்த அச்சில் ஊற்றியவை பிசுபிசுத்தன, இழுத்தால் அறுந்தன. ஏனென்று தெரியவில்லை. ஆனாலும் அச்சுகளைத் தூக்கிப் போடவில்லை.

பாதி வழியில் ஒரு டூவீலர்க்காரர் ஏற்றிக்கொண்டார். கச்சிராயபாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது பதினோரு மணி இருக்கும். அவள் ஜவ்வரிசி வடகம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள். வாசலில் வேட்டி விரித்து வடகம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, மூட்ட முடிச்சோட? மலையும் ஒத்துக்கலையா உனக்கு?"

"எறங்கி வந்துட்டேன்."

"அது தெரியுது. எத்தினி நாளுக்கு?"

உள்ளே அவள் புருஷன் வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். "நல்ல நேரத்துல வந்த மச்சான். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கரும்பு வெட்டப் போவ லாரி வருது. ஒரு ஆள் கம்மியா இருக்குது. சாயங்காலத்துக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. பொங்கல் தாண்டித்தான் திரும்புவோம்."

கரும்பு வெட்டப் போயிருக்கிறேன். தோகை காலைக் கிழிக்கும், வரப்பில் தார்ப்பாய் கட்டிப் படுக்கவேண்டும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் இந்த முறை லாரி ஏறினால் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வலையும் தூண்டில் சாமானும் விற்கிற கடைக்காரர், போன தடவை நான் வந்தபோது சொல்லியிருந்தார்: "எனக்கு வர்ற ரப்பர் புழு எதுவும் விரால் ரெண்டு கடி கடிச்சா நிக்கல. நிக்கிற மாதிரி செஞ்சு காட்டு, கடையிலயே வேலை தரேன்." அவருக்குக் காட்ட எனக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது.

அச்சுகளை வெயிலில் காயவைத்தேன். மலைப் பனி அவற்றில் ஏறியிருந்தது. பையில் பிளாஸ்டிக் திரவம் ஒரு பாட்டிலும் சாயம் கொஞ்சமும் இருந்தன; திரவம் பார்க்க அசல் பால்தான். காய்ச்ச ஒரு பாத்திரம் கேட்டேன்.

"சோறாக்குற குண்டான்ல கைய வச்சே, கைய ஒடச்சுடுவேன்" என்று தங்கச்சி கைப்பிடி போன ஒரு அலுமினியச் சட்டியை எடுத்துப் போட்டாள். "இத்த திருப்பித் தராத."

புகை ஆகாது என்பதால் வீட்டுக்குப் பின்னால் செங்கல் கூட்டி, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு காய்ச்சினேன். திரவம் கூழாகி, கட்டியாகி, மறுபடி இளகியது. லேசாகப் புகை வந்ததும் கரிந்துவிடுமோ என்று இறக்கி அச்சில் ஊற்றினேன். ஆறியதும் உரித்தேன். முன்பு மாதிரியே பிசுபிசுப்பு. இழுத்தேன், வால் கையோடு வந்தது.

தங்கச்சி வடகக் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இது வேவலண்ணா."

"புழுவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"புழு தெரியாது. ஜவ்வரிசி தெரியும். நடுவுல பாரு, இன்னும் வெள்ளையா இருக்குது. பால் நெறம் போனாத்தான் வெந்துதுன்னு அர்த்தம். வேவாம ஊத்தினா வடகமும் இப்பிடித்தான் பிஞ்சிக்கினு வரும்."

"கரிஞ்சிடும்."

"அடுப்ப கம்மி பண்ணிட்டு, கை நிறுத்தாம கிண்டு. எல்லாத்துலயும் உனக்கு அவசரம் ஜாஸ்தி. பாதியில எறக்கிடுவ, பாதியில எறங்கி வந்துடுவ."

பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சட்டியில் ஊற்றினேன். இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டுக் கிண்டினேன். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இறக்கலாமா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு ஓரத்திலிருந்து தொடங்கி வெள்ளை மறைந்தது. சட்டியின் அடி தெரிந்தது. "இப்ப எறக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் கருநீலச் சாயத்தை இரண்டு சொட்டு விட்டு ஊற்றினேன்.

அச்சு ஆறியது. உரித்ததும் புழு கையில் துள்ளியது. இரண்டு முனையையும் பிடித்து ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தேன். விட்டதும் பழையபடி சுருங்கிக்கொண்டது. தங்கச்சி ஒன்றை வாங்கி இழுத்துப் பார்த்தாள். "ஐயே, உயிரோட இருக்குற மாதிரியே நெளியுது" என்று என் மடியிலேயே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

புழுக்களைக் கடைக்கு எடுத்துப் போனேன். நாலு மணிக்குக் கடைக்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னோடு ஊர்ப்பக்கத்து அணைக்குக் கீழே இருந்த மடுவுக்கு வந்தார். என் புழுவை முள்ளில் மாட்டி வீசினார். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. தங்கச்சி புருஷன் போன் செய்தான். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். "கரும்பு மேஸ்திரி கேட்டுக்கினே இருக்காரு மச்சான்" என்றான்.

கோரைப் புல் ஓரத்தில் தண்ணீர் உடைந்தது. கடைக்காரர் தூண்டில் கோலைச் சுண்டினார். முழங்கை நீள விரால். அதன் வாயிலிருந்து புழுவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பல் தடம் மட்டும் இருந்தது. அதே புழுவை மறுபடி வீசினார். அடுத்த மீன் கவ்வித் தப்பித்தது, புழு முழுசாகத் திரும்பியது. அவர் வீசிக்கொண்டே இருந்தார். கடைசியில் வால் பாதி கிழிந்து வந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சாவது கடியிலதான்யா கிழிஞ்சுது. இன்னா போட்ட இதுல?"

"ஒண்ணும் போடலண்ணே. நல்லா வேக வச்சேன்."

"காலைல வந்துடு."

தங்கச்சி புருஷனுக்குப் போன் செய்து வேறு ஆளைப் போடச் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப அவளுக்குத் துணையா ஆச்சு" என்றான்.

மறுநாள் ஆறு மணிக்கு லாரி அவனை ஏற்றிக்கொண்டு போனது. எட்டு மணிக்கு நான் கடைக்குப் போனேன். உள்ளே காய்ச்சினால் நாற்றம் அடிக்கும் என்று பின்பக்கத் தகரக் கொட்டகையைக் காட்டினார் கடைக்காரர். அங்கே இருந்த பழைய வலைகளை அள்ளி ஓரமாகப் போட்டு, கூட்டி, அடுப்புக்குச் செங்கல் கூட்டினேன். அச்சுகளை வெயிலில் வைத்தேன். அவை காயும்வரை கடைக்கு வந்தவர்களுக்குத் தூண்டில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.