பொடவுக்குள் கிடந்த துணி

சிவசண்முகம் அண்ணாச்சிக்குத் தண்ணீருக்குள் பேய் பயம் கிடையாது. துணி பயம் உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். 1996 ஆடி அமாவாசைக்கு மறுநாள் அவருக்குக் கயிறு பிடித்தவன் நான். எனக்குச் சிரிப்பு வராது.

தூத்துக்குடியில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்தவர், பழைய காற்று சிலிண்டர் ஒன்றோடு ஊர் திரும்பினார். பாபநாசம் ஆற்றில் யார் மூழ்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று தேடியது குமரகுருபரனை. இருபது வயது. இறந்துபோன அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய முக்கூடலிலிருந்து அம்மாவோடு வந்து, முந்தின நாள் முங்கியவன் எழவில்லை. "முகத்தையாவது காட்டிருங்க அண்ணாச்சி" என்று அந்தத் தாய் சண்முகசுந்தரி விடிய விடியப் படித்துறையிலேயே கிடந்தாள்.

படித்துறைக்குக் கீழே, தண்ணீருக்கடியில் பாறைக்குள் ஒரு குகை. பொடவு என்போம். "ரெண்டு தடவ இழுத்தா தூக்கும் வே. வாய் பாத்துக்கிட்டு நிக்காதீரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி இறங்கினார்.

கயிறு இரண்டு தடவை அல்ல, பத்துத் தடவை வெட்டி வெட்டி இழுத்தது. நான் இழுத்தேன், அசையவில்லை. பாவி மனுஷன் போய்ச் சேர்ந்தார் என்றே நினைத்தேன். பிறகு கயிறு இளகியது. ஒரு கையில் கத்தி, மறு கையில் பையனோடு மேலே வந்தார். பையன் காலில் பச்சைக்கரை வேட்டி ஒன்று முறுக்கிக் கிடந்தது. அந்த அம்மா பார்க்குமுன் அறுத்து என்னிடம் எறிந்தார்.

"உள்ள பூராம் துணி வே. சேலையும் சட்டையும் ஆளு கணக்கா ஆடிக்கிட்டு நிக்கு. என்னையும் சுத்திட்டு."

செத்தவர் துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்து விடுகிறோமே, அது எங்கே போகும் என்று ஒரு மடையனாவது யோசித்தோமா? என் அப்பா வேட்டியையும் அங்கேதான் விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து சண்முகசுந்தரி தன் மகனின் துணிமூட்டையோடு வந்தாள். "கரையில ஒதுங்கப்படாது. நீங்களே ஆழத்துல கொண்டு போட்டுருங்க அண்ணாச்சி."

அவர் கை நீட்டவில்லை. "வேண்டாம் தாயி. ஒம் பிள்ளைய மேல விடாம கால்ல துணிதான் சுத்திக் கெடந்துச்சு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"போன வருசம் எங்க வீட்டுக்காரக துணிய இங்கனதான் விட்டேன். கால்ல கெடந்தது வேட்டியா, சேலையா?"

"சேலை தாயி."

மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் சேலைதான் என்றேன்.