சாம்பல் நிற வண்டிக்காரி

சாப்பாட்டு டப்பாவை இடது கையில் ஏந்திக்கொண்டு, வரிசையில் நிற்கும் வண்டிகளைச் சுற்றிவருகிறாள் அக்கா. அவள் வண்டிகளைச் சோதிக்கும் வாகனப் பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், மேலதிகாரிக்கும். பின்பக்கம் இறக்கை வைத்த சிவப்பு வண்டி ஒன்றைச் சுற்றி ஊரே கூடியிருக்கிறது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் அழுது வடிந்துகொண்டு நிற்கும் பழுப்பு வண்டியின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறாள்.

"பிரேக் தட்டோட அகலத்தைப் பாருப்பா. சும்மா கடைக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய தட்டு?" என்கிறாள், வண்டியைத் தூக்கி நிறுத்தும் பக்கத்து லிப்டில் சோதனை செய்யும், மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரனிடம். பிறகு சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் வண்டியின் அருமை பெருமைகளை அவருக்கே எடுத்துச் சொல்வாள். மாமனார் தலையில் கட்டிய வண்டி என்று அலுத்துக்கொண்டே வந்த மனிதர், போகும்போது கதவை மெதுவாகச் சாத்துவார்.

அவளுடையதும் அப்படி ஒரு வண்டிதான். சாம்பல் நிறம், நாலு கதவு, குமாஸ்தா முகம். விளம்பரம் செய்யத் தெரியாத கம்பெனி. பதினாறு வருஷத்துக்கு முன்பே இழுத்து மூடிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரருக்கு அது மூத்த பிள்ளை. பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால், பெரியவன் சாப்பிட்டானா என்று கேட்பார். அவனாவது எதிர்த்துப் பேச மாட்டான் என்பாள் அக்கா. பேர் தெரியாத வண்டியை ஏன் வாங்கினாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பேரைப் பார்த்து வாங்குறவன் பேரைத்தான் ஓட்டுவான்."

கண்ணாடிக்காரன் இதையெல்லாம் ஒரு கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தான். போன வருஷம் ஒரு மத்தியானம், அவன் மனைவிக்கு நாள் வருமுன்பே வலி எடுத்துவிட்டதாக மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்கா சாவியை எடுத்தாள். முதல் வளைவில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். எதுவும் ஆகாததால் இரண்டாவதில் திறந்தான். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் அடிவயிற்றிலிருந்து உறும, வண்டி தரையைக் கெட்டியாகப் பிடித்தபடி வளைவுக்குள் புகுந்து வெளியே வந்தது. ஏற்றம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. முக்கால் மணி நேரப் பாதை அரை மணியில் முடிந்தது. மகள் பிறந்தபோது அவன் பிரசவ அறை வாசலில் நின்றிருந்தான். அன்றைய பிரமிப்பில் பாதி மகளுக்கு, பாதி அந்த வண்டிக்கு. இதை மனைவியிடம் மட்டும் சொன்னதில்லை.

இந்த வாரம் அந்த வண்டிக்கே வருடாந்திரப் பரிசோதனை. சொந்த வண்டியைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வேலை கண்ணாடிக்காரனிடம் வந்தது. அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்திருந்தால் வண்டி மறுபடி சாலையில் இறங்கவே முடியாது. ஒட்டுப்போட விதியில் இடமில்லை. மாற்றுச் சட்டம் எங்கு தேடினாலும் கிடைக்காது.

பிரேக், விளக்கு, புகை எல்லாம் தேறிவிட்டன. வண்டியை லிப்டில் உயர்த்தி, கீழே நின்று டார்ச் அடித்தான். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், சட்டத்தில் உள்ளங்கையளவுக்குப் பெயின்ட் உப்பியிருந்தது. உள்ளே துருவா என்று கட்டாயம் குத்திப் பார்க்க வேண்டிய இடம். அவன் வெளிச்சத்தை மெல்ல அடுத்த பக்கம் நகர்த்தினான். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னான்.

வண்டிக்காரர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்றிருந்த அக்கா, உள்ளே வந்தாள். டார்ச்சை அவன் கையோடு சேர்த்துப் பிடித்து, பழைய இடத்துக்கே திருப்பினாள்.

"அடுத்தவங்க வண்டியா இருந்தா இங்க என்னப்பா பண்ணுவோம்?"

அக்கா அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, அந்த இடத்தில் வைத்தாள். அழுத்தக்கூடத் தேவைப்படவில்லை, கைப்பிடி வரை உள்ளே போனது. துருத்தூள் அவள் நெற்றியிலும் முடியிலும் உதிர்ந்தது. அதைத் துடைக்காமல், தன் பேனாவை மூடி கழற்றி, சோதனை முடிவு எழுதும் தாளோடு அவன் கையில் வைத்தாள்.